கர்ப்ப காலத்தில் வைரஸ் தொற்று: நஞ்சுக்கொடிக்கு என்ன ஆகிறது?

நிலாமுற்றம்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இப்போது 21 வாரம். சில வாரங்களுக்கு முன் காய்ச்சல், உடம்பு வலி, கழுத்தில் நெறி கட்டிக்கொண்டது. தானாகவே இறங்கிவிட்டது. மூத்தவனுக்கு மூன்று வயது, பகல் காப்பகம் போகிறான், அவனுக்கும் அதே சமயத்தில் சளி. டாக்டர் டார்ச் பரிசோதனை (கருவைப் பாதிக்கக்கூடிய தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனைத் தொகுப்பு) எழுதினார். சிஎம்வி (சைட்டோமெகலோ வைரஸ்) எதிர்ப்புப் புரதங்களில் ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் எல்லைக்கோட்டில் என்று வந்திருக்கிறது. ஸ்கேனில் குழந்தையின் அளவெல்லாம் சரி. ஆனால் கடைசி வரியில் "நஞ்சுக்கொடி சற்றே தடித்துள்ளது, 42 மி.மீ." என்று போட்டிருக்கிறார்கள். அடுத்த சந்திப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. தேடித் தேடிப் படித்ததில் பயம்தான் கூடியது.

வைரஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகுமா? போகவில்லை என்றால் நிம்மதியாக இருந்துவிடலாமா? இந்த இரண்டுக்கும் யாராவது நிதானமாகப் பதில் சொன்னால் போதும்.

செம்பருத்தி

பயப்படாதீங்கம்மா. நஞ்சுக்கொடி ஒரு வடிகட்டி மாதிரி. சத்து போகும், கிருமி போகாது. எனக்கு இரண்டு பிரசவத்திலும் நடுவில் காய்ச்சல் வந்தது, இரண்டு பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள். மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

நுண்ணோக்கி

செம்பருத்தி அக்கா ஆறுதலுக்குச் சொல்கிறார். பெரும்பாலான காய்ச்சல்களுக்கு அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். ஆனால் வடிகட்டி என்றே நினைத்துக்கொண்டிருந்தால் முக்கியமான ஒரு விஷயம் கண்ணில் படாமல் போய்விடும்.

நான் நோயியல் துறையில் இருக்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு வரும் நஞ்சுக்கொடிகளை வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலையின் பெரும்பகுதி. மாதம் நிறைந்த நஞ்சுக்கொடி சுமார் அரை கிலோ எடை இருக்கும். உள்ளே கிளைகிளையாகப் பிரிந்த நுண்ணிய நீட்சிகள். அவற்றின் மேற்பரப்பையெல்லாம் விரித்துப் போட்டால் 11, 12 சதுர மீட்டர் வரும். அந்த நீட்சிகளைச் சுற்றித் தாயின் ரத்தம் நேரடியாகப் பாய்கிறது. குழந்தையின் ரத்தம் நீட்சிகளுக்குள் ஓடும் குழாய்களில் இருக்கிறது. இரண்டும் கலப்பதில்லை.

நடுவே இருக்கும் மேற்படலம்தான் வியப்பானது. அதன் பெயர் சின்சிஷியோட்ரோஃபோபிளாஸ்ட். (பெயர் நீளம்தான், இனி மேற்படலம் என்றே சொல்கிறேன்.) உடலின் மற்ற படலங்களில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இடுக்கு உண்டு, கிருமிகள் பல நேரம் அந்த வழியாகத்தான் நுழையும். இந்த மேற்படலத்தில் இடுக்கே கிடையாது. கோடிக்கணக்கான செல்கள் ஒன்றோடொன்று இணைந்து, எண்ணற்ற உட்கருக்கள் கொண்ட ஒரே பரப்பாகிவிட்டன. அதோடு, வைரஸ் வந்த பிறகுதான் மற்ற செல்கள் இன்டர்ஃபெரான் என்ற வைரஸ் எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும். இது இன்டர்ஃபெரான் லாம்டா என்ற வகையை எந்நேரமும் சுரந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் தாய்க்கு ஃப்ளூ வந்தாலும் அந்த வைரஸ் கருவை எட்டுவது அபூர்வம்.

இப்போது அந்த விடுபடும் விஷயம். இதே உறுப்புதான் பிறக்கும்வரை குழந்தைக்கு நுரையீரல், குடல், சிறுநீரகம் எல்லாம். எனவே "வைரஸ் தாண்டியதா" என்று மட்டும் கேட்டால் போதாது. நஞ்சுக்கொடியே மோசமாக அடிபட்டால், ஒரு வைரஸ்கூடக் குழந்தையின் உடலுக்குள் நுழையாமலேயே குழந்தைக்கு மூச்சு முட்டும். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான்.

உங்கள் ரிப்போர்ட்டைப் பற்றி மகப்பேறு மருத்துவர் யாராவது சொல்வது நல்லது. அதில் பதறும் அளவுக்கு எதையும் நான் பார்க்கவில்லை.

தும்பி

அவ்வளவு பலமான படலம் என்றால் ரூபெல்லாவும் ஜிகாவும் எப்படி உள்ளே போயின? உயிரியல் படிக்கிறேன், பாடத்தில் "கடந்து செல்லும்" என்று ஒரே வரியோடு விட்டுவிட்டார்கள்.

நுண்ணோக்கி

நல்ல கேள்வி தும்பி. ஒவ்வொன்றுக்கும் தனி வழி.

சிஎம்வி பெரும்பாலும் அந்த மேற்படலத்தோடு மோதுவதே இல்லை. நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும் அல்லவா? அதற்காக அதன் செல்கள் சில சுவருக்குள் புகுந்து வேர்விடுகின்றன. இணைந்த பரப்பாக இல்லாமல் தனித்தனியாக இருக்கும் செல்கள் அவை. சிஎம்வி முதலில் கருப்பையின் உள்வரியில் பெருகி, அங்கிருந்து இந்தச் செல்களுக்குத் தொற்றி, அவற்றின் வழியாக நீட்சிகளுக்குள் ஏறுகிறது. இன்னொரு வழியையும் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். தாயின் ஐஜிஜி எதிர்ப்புப் புரதங்களைக் குழந்தைக்கு ஏற்றிச் செல்ல மேற்படலத்தில் ஒரு ஏற்பி உண்டு. வைரஸை அரைகுறையாகப் பிடித்திருக்கும் ஐஜிஜி அந்த ஏற்பியில் ஏறும்போது வைரஸும் சேர்ந்தே பயணம் செய்கிறது. பாதுகாப்புக்கென்று இருக்கும் வண்டியிலேயே ஏறி வருகிறது, என்ன சொல்ல!

ரூபெல்லா நஞ்சுக்கொடியின் ரத்தக்குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. சிதைந்த செல்துணுக்குகள் ரத்தத்தோடு போய்க் கருவின் உறுப்புகளில் இறங்குகின்றன. முதல் 12 வாரத்தில் தாய்க்குத் தொற்று வந்தால் கரு பாதிக்கப்படும் வாய்ப்பு 90 சதவீதம்வரை போகும். 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு எப்போதும் பிடித்தது. கண்புரையோடு பிறந்த குழந்தைகள் வழக்கத்துக்கு மீறி அவரிடம் வரத் தொடங்கினார்கள். விசாரித்தால், ஏறக்குறைய எல்லாத் தாய்மாருக்கும் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ஜெர்மன் மணல்வாரி, அதாவது ரூபெல்லா, வந்திருந்தது. அந்தக் காலத்தில் பல மருத்துவர்கள் அதை நம்பவில்லை. பிறகு 1964-65இல் அமெரிக்காவில் ரூபெல்லா அலை அடித்தபோது சுமார் 20,000 குழந்தைகள் பிறவிக் குறைகளோடு பிறந்தார்கள். 1969இல் தடுப்பூசி வந்தது.

ஜிகா, நீட்சிகளுக்குள் இருக்கும் ஹாஃப்பவர் செல்களைப் பிடித்துக்கொண்டது. அவை கருவின் சொந்தப் பாதுகாப்புச் செல்கள், கிருமிகளை விழுங்குபவை. இந்த வைரஸ் அவற்றைக் கொல்லாமல் உள்ளேயே பெருகியது. 1947இலேயே உகாண்டாவில் பிரித்தெடுத்த வைரஸ்தான். 2015இல் பிரேசிலில் தலை சிறுத்த குழந்தைகள் பிறந்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 2016 பிப்ரவரி 1 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசர நிலை அறிவித்தது.

பார்வோ பி19 வைரஸின் கதை வேறு. நஞ்சுக்கொடியில் அது பிடித்துக்கொள்ளும் பி ஆன்டிஜென் என்ற மூலக்கூறு ஆரம்ப மாதங்களில் நிறைய இருக்கும், கடைசி மாதங்களில் மிகவும் குறைந்துவிடும். அதனால் முதல் 20 வாரத் தொற்றுக்குத்தான் ஆபத்து அதிகம். உள்ளே போனால் கருவின் ரத்த அணுக்களை உருவாக்கும் செல்களை அழிக்கிறது, கருவுக்குக் கடும் ரத்தசோகை வருகிறது.

பேறுகாலம்

நான் மகப்பேறு மருத்துவர். நிலாமுற்றம், உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன்.

முதலில் ஐஜிஎம். அது சமீபத்திய தொற்றின் அடையாளம் என்று பலரும் படித்திருப்பார்கள். சிஎம்வியில் ஐஜிஎம் பல மாதங்கள் தங்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் இருக்கும். வேறு வைரஸ் வந்தாலும் போலியாகப் பாசிட்டிவ் காட்டும். எல்லைக்கோட்டில் இருக்கும் ஐஜிஎம்மை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. உங்கள் டாக்டரிடம் "ஐஜிஜி அவிடிட்டி" பற்றிக் கேளுங்கள். எதிர்ப்புப் புரதம் வைரஸை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதன் அளவு அது. புதிய தொற்றில் பிடி தளர்வாக இருக்கும், மாதங்கள் போகப் போக இறுகும். அவிடிட்டி அதிகம் என்றால் தொற்று குறைந்தது மூன்று மாதத்துக்கு முந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. 21 வாரத்தில் எடுத்த ரத்தத்தில் அவிடிட்டி அதிகம் என்று வந்தால், சமீபத்துக் காய்ச்சல் சிஎம்வி இல்லை என்று ஆகும். ஆனால் கர்ப்பத்தின் முதல் வாரங்களில் தொற்று வந்திருக்கலாம் என்ற சந்தேகம் அப்படியே இருக்கும். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ரத்தத்தின் மீதியைச் சில ஆய்வகங்கள் சேமித்து வைத்திருக்கும். அதைக் கேட்டு வாங்கி அதில் அவிடிட்டி பார்த்தால் கேள்வி தீர்ந்துவிடும்.

அப்புறம் தடிப்பு. வாரம் எத்தனையோ ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர் என்பது ஒரு கணக்கு. 40 மி.மீ. தாண்டினால் கவனிப்போம். சிஎம்வி, பார்வோ, சிஃபிலிஸ் போன்ற தொற்றுகளில் தடிக்கும். தாய்க்குச் சர்க்கரை இருந்தாலும், தாய்க்கோ கருவுக்கோ ரத்தசோகை இருந்தாலும் தடிக்கும். ஸ்கேன் எடுக்கும் நேரத்தில் கருப்பை சுருங்கியிருந்தாலோ, கருவியைச் சாய்வாகப் பிடித்து அளந்தாலோகூட அப்படித் தெரியும். ஒரே ஒரு அளவீட்டை வைத்துத் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். மறுபடி அளக்க வேண்டும், கருவின் மூளைத் தமனியில் ரத்த ஓட்ட வேகத்தையும் டாப்ளரில் பார்க்க வேண்டும். வேகம் கூடியிருந்தால் கருவுக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று ஆராய்வோம்.

கேள்விக்குறி

டார்ச் பரிசோதனையை எல்லாக் கர்ப்பிணிக்கும் எழுதித் தள்ளுவதால்தான் இந்த மன உளைச்சல். ரிப்போர்ட்டில் ஏதாவது ஒரு பாசிட்டிவ் வரத்தான் செய்யும். எழுதாமலே இருந்திருக்கலாம்.

பேறுகாலம்

பாதி ஒத்துக்கொள்கிறேன். அறிகுறியோ ஸ்கேனில் மாற்றமோ இல்லாதவருக்கு மொத்தத் தொகுப்பையும் எழுதுவது எனக்கும் பிடிக்காது. கருச்சிதைவு ஆன எல்லோருக்கும் எழுதுவது அதைவிட வீண். ஐஜிஜி பாசிட்டிவ் என்பதையே நோய் என்று நினைத்து அழுதுகொண்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பழைய தொற்றின் தடமும் தடுப்பூசியின் பலனும்கூட அதே பாசிட்டிவாகத்தான் தெரியும். ரூபெல்லாவுக்கு அது இருப்பது நல்லது.

ஆனால் இவருக்குக் காய்ச்சல், நெறிக்கட்டு, வீட்டில் காப்பகம் போகும் குழந்தை என்று மூன்றும் இருந்தன. சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் சிஎம்வி மாதக்கணக்கில் வெளியேறும். பிறவித் தொற்றுகளில் உலகெங்கும் அதிகம் காணப்படுவது இதுதான். இருநூறு குழந்தைகளில் ஒன்றாவது இதோடு பிறக்கிறது. இவருக்குச் சோதித்தது நியாயம்தான்.

கேள்விக்குறி

சரி, தொற்று உறுதியானால் என்ன செய்வீர்கள்? மருந்து இல்லாத நோய்க்குப் பரிசோதனை எதற்கு?

பேறுகாலம்

மருந்தே இல்லை என்பது பழைய பேச்சு. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் முதல்முறை சிஎம்வி வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் வாலாசைக்ளோவிர் கொடுத்துப் பார்த்த இஸ்ரேல் ஆய்வு 2020இல் வெளியானது. மருந்து எடுக்காதவர்களில் 30 சதவீதக் கருக்களுக்குத் தொற்று போனது. எடுத்தவர்களில் 11 சதவீதம். சிறிய ஆய்வுதான், 90 பேர். ஆனாலும் கையில் ஒன்றுமில்லை என்ற நிலை மாறிவிட்டது. யாரும் இதைப் படித்துவிட்டுத் தாமாகக் கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது. இந்த அளவில் சிறுநீரகத்தைக் கண்காணிக்க வேண்டும்.

இன்னொன்று. சிஎம்வி கர்ப்பத்தின் கடைசியில் வந்தால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு அதிகம், ஆனால் பாதிப்பு மிகக் குறைவு. ஆரம்பத்தில் வந்தால் போகும் வாய்ப்பு குறைவு, போனால் காது, மூளை பாதிக்கப்படும் அபாயம் அதிகம். அதனால் எப்போது வந்தது என்று கண்டுபிடிப்பதற்கே பாதி உழைப்பு போகிறது. கருவுக்குப் போயிருக்கிறதா என்று பார்க்கப் பனிக்குடநீர் எடுத்து பிசிஆர் செய்யலாம். அவசரப்பட்டு எடுத்தால் பொய்யாக நெகடிவ் வரும். தொற்றிலிருந்து ஆறு முதல் எட்டு வாரமாவது போயிருக்க வேண்டும்.

அலைகரை

நுண்ணோக்கி சார் சொன்ன "வைரஸ் உள்ளே போகாமலேயே" என்ற வரியைப் பார்த்துதான் எழுத வந்தேன். எனக்கு எட்டாம் மாதத்தில் கோவிட் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, வீட்டிலேயே இருந்தேன். காய்ச்சல் விட்டுச் சில நாள் கழித்து அசைவு குறைந்த மாதிரி இருந்தது. காய்ச்சலின் களைப்பு என்று நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆஸ்பத்திரி போனபோது துடிப்பு இல்லை.

குழந்தைக்கு எடுத்த கோவிட் பரிசோதனை நெகடிவ். அதனால் கோவிட் காரணமில்லை, காரணம் தெரியவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். நஞ்சுக்கொடியை ஒரு இளைய டாக்டர் மட்டும் தன் பொறுப்பில் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார், யாரும் அவரிடம் சொல்லவில்லை. அந்த ரிப்போர்ட் வரும்வரை நான் எதைச் சாப்பிட்டேன், எப்படிப் படுத்தேன் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ரிப்போர்ட்டில் நஞ்சுக்கொடி முழுக்க ஃபைப்ரின் படிந்து இறுகிப் போயிருந்தது என்று இருந்தது. அதை விளக்க எனக்கு யாரும் கிடைக்கவில்லை. முடிந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி

அலைகரை, ஆழ்ந்த வருத்தங்கள். நீங்கள் சொன்ன அளவை வைத்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இதை சார்ஸ்-கோவ்-2 பிளாசென்டைடிஸ், அதாவது கோவிட் வைரஸால் நஞ்சுக்கொடியில் வரும் அழற்சி, என்கிறோம். மூன்று மாற்றங்கள் சேர்ந்து வரும். மேற்படலம் செத்துப்போகும். நீட்சிகளுக்கு நடுவே தாயின் ரத்தம் ஓட வேண்டிய இடத்தில் ஹிஸ்டியோசைட் என்ற அழற்சி செல்கள் குவியும். அதோடு ஃபைப்ரின், அதாவது ரத்தம் உறையும்போது உருவாகும் அந்தப் புரதம், நீட்சிகளைச் சுற்றிப் படிந்து கெட்டியாகிவிடும். அதன்பின் அந்தப் பகுதிக்குத் தாயின் ரத்தம் வராது, ஆக்சிஜனும் வராது. வெட்டும்போதே கத்திக்குத் தெரியும், மிருதுவாக இருக்க வேண்டிய திசு விறைத்திருக்கும்.

2022இல் 12 நாடுகளிலிருந்து இப்படிப்பட்ட நேர்வுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். வயிற்றிலேயே இறந்த 64 குழந்தைகள், பிறந்தவுடன் இறந்த 4 குழந்தைகள். அந்த நஞ்சுக்கொடிகளில் சராசரியாக 77.7 சதவீதத் திசு அழிந்திருந்தது. பல குழந்தைகளின் உடலில் வைரஸ் தொற்றின் தடமே இல்லை. இறப்புக்குக் காரணம் ஆக்சிஜன் இல்லாமை. குழந்தையின் பரிசோதனை நெகடிவ் என்பதை வைத்துக் கோவிட் காரணமில்லை என்று உங்களிடம் சொன்னது பொருந்தாத முடிவு.

இந்த மாற்றத்தைத் தாயின் சாப்பாடோ படுக்கையோ உண்டாக்காது. தாய்க்கு நோய் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கும் இதற்கும்கூட நேர்த் தொடர்பு இல்லை. லேசாக வந்துபோனவர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். உங்களிடம் யார் என்ன சொல்லியிருந்தாலும் அந்த ரிப்போர்ட் அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டது.

மற்றவர்கள் பயப்படாமல் இருக்க ஒன்று சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் கோவிட் வந்த பெரும்பாலோருக்கு நஞ்சுக்கொடியில் இப்படி எதுவும் நடப்பதில்லை. டெல்டா வகை பரவிய காலத்தில்தான் இது கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் எந்தக் காய்ச்சலுக்குப் பிறகும் அசைவு குறைந்தால் களைப்பு என்று காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

அலைகரை

நன்றி சார். இதை அச்செடுத்து வீட்டில் கொடுக்கப் போகிறேன்.

செம்பருத்தி

அலைகரை, கண் கலங்கிடுச்சும்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்லை.

கேள்விக்குறி

மன்னிக்கவும், இந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான். கோவிட் தடுப்பூசியே நஞ்சுக்கொடியைத் தாக்கும் என்று நிறையப் பகிர்ந்தார்களே, அது எதை வைத்து?

நுண்ணோக்கி

அதன் மூலம் சின்சிடின் என்ற புரதம். கொரோனாவின் முள்புரதமும் சின்சிடினும் ஒன்றுபோல இருக்கும், அதனால் தடுப்பூசி போட்டால் உடல் நஞ்சுக்கொடியையும் எதிர்க்கும் என்று கிளப்பிவிட்டார்கள். இரண்டின் அமைப்பிலும் சொல்லிக்கொள்ளும்படி ஒற்றுமையே இல்லை. மேலே சொன்ன 68 நேர்வுகளில் ஒரு தாய்கூடத் தடுப்பூசி போட்டிருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

கர்ப்பத்தில் போடக் கூடாதவை உயிருள்ள வைரஸ் கொண்ட ஊசிகள். ரூபெல்லாவும் சின்னம்மையும் அதில் சேரும். அவற்றைக் கர்ப்பத்துக்கு முன்பே போட்டு ஒரு மாதம் இடைவெளி விடச் சொல்வார்கள். செயலிழந்த ஃப்ளூ ஊசியை எந்த மாதத்திலும் போடலாம்.

தும்பி

சின்சிடின் பற்றிப் படித்திருக்கிறேன்! அதுவே ஒரு வைரஸிடமிருந்து வந்த மரபணுதானே?

நுண்ணோக்கி

ஆமாம். இழை கொஞ்சம் திசைமாறினாலும் பரவாயில்லை, இதைச் சொல்லாமல் விட மனமில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதைக் குரங்கினங்களைத் தொற்றிய ஒரு ரெட்ரோவைரஸ் தன் மரபணுக்களை அவற்றின் டிஎன்ஏவிலேயே விட்டுவிட்டது. செல்லின் உறையோடு ஒட்டி இணைவதற்கு அந்த வைரஸ் வைத்திருந்த புரதம்தான் இன்றைய சின்சிடின். அதை வைத்துத்தான் நஞ்சுக்கொடியின் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து இடுக்கில்லாத மேற்படலம் ஆகின்றன. வைரஸைத் தடுக்கும் படலத்தைக் கட்டித் தருவதே ஒரு பழைய வைரஸின் புரதம்.

இதில் ஒரு விபரீதமும் இருக்கிறது. தொற்று வந்ததும் உடல் முதல் வகை இன்டர்ஃபெரானைச் சுரக்கும். அது ஐஃபிட்டம் என்ற புரதங்களைத் தூண்டும். வைரஸின் உறை செல்லோடு இணைவதைத் தடுப்பது அவற்றின் வேலை. வந்த வைரஸ் எது, நம்முடைய சின்சிடின் எது என்று அவற்றுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, இரண்டின் இணைப்பையும் தடுத்துவிடும். அப்போது மேற்படலம் சரியாக உருவாகாது. 2019இல் இதை எலிகளிலும், மனித நஞ்சுக்கொடிச் செல்களிலும் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜிகாவை வைத்து எலிகளில் நடந்த ஆய்வும் இதே திசையில்தான். இன்டர்ஃபெரானை உணரும் ஏற்பி இருந்த கருக்கள் அழிந்தன, அந்த ஏற்பி இல்லாத கருக்கள் பிழைத்தன. அந்த ஏற்பி இல்லாதவற்றில்தான் வைரஸ் அதிகமாக இருந்தது என்பது இன்னும் விசித்திரம். கருவைக் கொன்றது வைரஸின் எண்ணிக்கை அல்ல, அதற்கு எதிராக உடல் எடுத்த நடவடிக்கை.

என் மேசைக்கு வரும் நஞ்சுக்கொடிகளிலும் இதன் நிழலைப் பார்க்கிறேன். அழற்சி நிறைய இருக்கும், வைரஸைத் தேடினால் கிடைக்காது. மாதம் நிறைந்த நஞ்சுக்கொடிகளில் 5 முதல் 15 சதவீதத்தில் காரணம் தெரியாத வில்லைட்டிஸ் என்ற அழற்சி தென்படும். பெரும்பாலானவற்றில் கிருமி எதுவும் இல்லை. ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைப் பார்த்தவுடன் "எனக்கு என்ன தொற்று வந்தது" என்று அலைய வேண்டாம்.

நிலாமுற்றம்

எல்லோருக்கும் நன்றி. அலைகரை, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

முதல் மாதங்களில் எடுத்த ரத்தம் ஆய்வகத்தில் இருந்தது. பேறுகாலம் சொன்ன மாதிரி கேட்டேன், என் டாக்டரும் ஒப்புக்கொண்டு அனுப்பினார். 10 வாரத்தில் எடுத்த ரத்தத்திலேயே ஐஜிஜி பாசிட்டிவ், அவிடிட்டி அதிகம். ஸ்கேனும் திரும்ப எடுத்தார்கள். இந்த முறை 36 மி.மீ., மூளைத் தமனி வேகம் சரியாக இருக்கிறது. அப்படியானால் அந்தக் காய்ச்சல் எதனால் வந்தது?

பேறுகாலம்

மகிழ்ச்சி. 10 வாரத்திலேயே அவிடிட்டி அதிகம் என்றால் உங்களுக்கு முதல் தொற்று கர்ப்பத்துக்கு முன்பே வந்துபோய்விட்டது. பழைய தொற்று உள்ளவருக்கும் வேறு ரகம் புதிதாக வரலாம், உறங்கிய வைரஸ் விழிக்கலாம். ஆனால் அப்போது கருவுக்குப் போவது நூற்றில் ஒன்று என்ற கணக்கில்தான். அந்தக் காய்ச்சல் காப்பகத்திலிருந்து வந்த ஏதோ ஒரு சளி வைரஸாக இருக்கலாம். அது எது என்று இப்போது தேடிப் பயனில்லை. தடிப்பையும் வளர்ச்சியையும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்பது என் கருத்து, உங்கள் டாக்டர் சொல்வதே இறுதி.

மூத்தவனின் ஸ்பூன், தண்ணீர் பாட்டிலைப் பகிர வேண்டாம். டயப்பர் மாற்றினாலும் மூக்கைத் துடைத்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். உதட்டில் முத்தம் வேண்டாம், தலையில் கொடுங்கள். சந்தேகம் மிச்சம் இருந்தால், பிறந்த 21 நாளுக்குள் குழந்தையின் எச்சிலிலோ சிறுநீரிலோ சிஎம்வி பிசிஆர் எடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எடுத்தால் பிறவியிலேயே வந்ததா, பிறந்த பின் வந்ததா என்று பிரிக்க முடியாது.

நிலாமுற்றம்

21 நாள், குறித்துக்கொண்டேன். நுண்ணோக்கி சார், பிரசவத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடியைப் பரிசோதிக்கச் சொல்லி நானே கேட்கலாமா?

நுண்ணோக்கி

தாராளமாகக் கேட்கலாம். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் அவசியமில்லை. குழந்தை எடை மிகக் குறைவாகப் பிறந்தால், குறைமாதத்தில் பிறந்தால், இறந்து பிறந்தால், தாய்க்குப் பிரசவ நேரத்தில் காய்ச்சல் இருந்தால், குழந்தைக்குத் தொற்று என்று சந்தேகம் வந்தால் கட்டாயம் அனுப்ப வேண்டும். பல இடங்களில் இன்னமும் அதைக் கழிவோடு போட்டுவிடுகிறார்கள், எனக்கு இது தீராத ஆத்திரம். குழந்தையை இழந்த பெற்றோருக்கு நாம் தரக்கூடிய ஒரே பதில் பல நேரம் அதில்தான் இருக்கும்.

பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிக் குறிப்பேட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பிரசவ அறையில் அந்த நேரத்தில் யாருக்கும் நினைவிருக்காது. உறைய வைக்கக் கூடாது, உறைந்தால் நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது. குளிர்பதனப் பெட்டியில் சில நாள் வைக்கலாம், அல்லது போதுமான ஃபார்மலினில் போட வேண்டும். வைரஸைத் தேடும் எண்ணம் இருந்தால் ஃபார்மலினில் போடுவதற்கு முன்பே ஒரு துண்டைத் தனியாக பிசிஆருக்கு எடுக்க வேண்டும். தொப்புள்கொடி, சவ்வு எல்லாவற்றோடும் முழுசாக அனுப்பச் சொல்லுங்கள். தாய்க்கு எந்த வாரத்தில் என்ன காய்ச்சல் என்று படிவத்தில் இரண்டு வரி எழுதியிருந்தால் எங்கள் வேலை பாதி குறையும். அந்த இடம் காலியாகத்தான் வரும்.

வகுப்பறை

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். தொடக்கப்பள்ளி ஆசிரியை, 14 வாரம். என் வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கன்னம் இரண்டும் அறைந்தது போலச் சிவந்து வந்தது, பார்வோ என்று சொல்கிறார்கள். நான் விடுப்பு எடுத்துவிட்டால் போதுமா?

பேறுகாலம்

கன்னம் சிவந்த பிறகு அந்தப் பிள்ளையிடமிருந்து பெரும்பாலும் பரவாது. பரவுவது அதற்கு முந்தைய சளிக் கட்டத்தில். அதனால் இப்போது விடுப்பு எடுப்பதைவிட இந்த வாரமே பார்வோ ஐஜிஜி, ஐஜிஎம் கொடுப்பது முக்கியம். ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால் உங்களுக்கு முன்பே வந்துபோயிருக்கிறது, கவலை வேண்டாம். வளர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அப்படித்தான். இரண்டும் நெகடிவ் என்றால் சில வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ டாப்ளர் பார்ப்பார்கள். கருவுக்கு ரத்தசோகை வந்தாலும் தொப்புள்கொடி வழியாகவே ரத்தம் ஏற்ற முடியும், அதற்கான மையத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். ரிசல்ட் வந்ததும் தனி இழை தொடங்கி எழுதுங்கள், இது ஏற்கெனவே நீண்டுவிட்டது.